காது குத்தும் நாளும் விழா நாளும்



பெண் குழந்தை பிறந்த வீட்டில் பெயர் முடிவாவதற்கு முன்பே தோடு முடிவாகிவிடும். ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட் பக்கமுள்ள நகைக்கடைகளில் எந்த வாரக்கடைசியிலும் இதைப் பார்க்கலாம். பாட்டிக்குப் பிடித்தது குட்டி வளையம். அத்தைக்குச் சிவப்புக்கல் கம்மல். 916 முத்திரை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கூலியில் பத்து ரிங்கிட் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் பேசுவார்கள்.

அந்தத் தோட்டைப் போடக் காதைக் குத்துவது யார்? எதால் குத்துவது? இந்தக் கேள்வி எழும்போது, "அவங்களே குத்திவிட்டுருவாங்களாம்" என்று யாராவது சொல்வார்கள். பேச்சு அதோடு முடிந்துபோகும்.

"பினாங்கில் குழந்தைக்குக் காது குத்த நல்ல இடமாக ஒன்று சொல்லுங்களேன்" என்று இளம் அம்மாக்கள் நம்மிடம் கேட்கிறார்கள். கடைப் பெயரையோ கிளினிக் பெயரையோ நான் இங்கே சொல்லப் போவதில்லை. இன்று நன்றாகக் குத்தும் கை நாளை வேறு கடைக்கு மாறிப் போகலாம். தவிர, இந்த விஷயத்தில் பெரும்பாலான வீடுகள் தடுமாறுவது இடத்தால் அல்ல, தேதியால் என்பது என் எண்ணம்.

எப்படி என்கிறீர்களா?

முதலில் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கிறோம். அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது, எல்லாருக்கும் லீவு. சிங்கப்பூரில் வேலை செய்யும் தாய்மாமனுக்குப் பஸ் டிக்கெட் போட்டாகிவிட்டது. ஹால் புக் செய்து, கேட்டரிங்காரருக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் "குத்துவது யாரு?" என்ற கேள்வியே வருகிறது. அந்த நாளில், அந்த நேரத்தில், ஹாலுக்கு வர யார் சம்மதிக்கிறாரோ அவர்தான் நம் தேர்வு. அவர் கொண்டுவரும் ஊசியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அன்று காலை குழந்தைக்குச் சளி, லேசாக உடம்பு சுடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருக்கும்போது "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் எந்த அம்மாவுக்கு வரும்? சொன்னால் மாமியார் முகம் எப்படிப் போகும்? ஆகவே குத்திவிடுகிறோம்.

குத்துவதையும் விழாவையும் ஒரே நாளில் வைக்காதீர்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம். குத்துவதற்குக் குழந்தைக்குத் தோதான ஒரு நாள், விழாவுக்கு நம் எல்லாருக்கும் தோதான ஒரு நாள். இப்படிப் பிரித்துவிட்டாலே இடத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி சுலபமாகிவிடும்.

குழந்தைக்குத் தோதான நாள் எது? அது பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சுகாதாரப் புத்தகத்தில் இருக்கிறது. நம் நாட்டு அட்டவணைப்படி 2, 3, 5 மாதங்களில் ஒரே ஊசியில் ஆறு நோய்களுக்குத் தடுப்பு மருந்து போடுகிறார்கள். டெட்டனஸ், அதாவது இரணஜன்னி, அதில் ஒன்று. ஹெப்படைட்டிஸ் பி இன்னொன்று. இரண்டுமே அழுக்கு ஊசி வழியாக வரக்கூடியவை. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியை மலேசியா 1989 முதலே பச்சிளம் குழந்தைகளுக்குப் போட்டு வருகிறது. ஐந்தாம் மாத ஊசி முடிந்துவிட்டால் அடிப்படைப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று அர்த்தம்.

முப்பதாம் நாள் சாமி கும்பிடும்போதே காதையும் குத்திவிடும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே டாக்டர்கள் சும்மா விடமாட்டார்கள். எங்கே கிருமி புகுந்தது என்று கண்டுபிடிக்க இரத்தம் எடுப்பார்கள், சிறுநீர் எடுப்பார்கள், சில சமயம் முதுகுத்தண்டிலிருந்து நீரும் எடுப்பார்கள். காதில் சின்னதாகச் சீழ் பிடித்து வந்த காய்ச்சலாகவே இருந்தாலும் இதெல்லாம் நடக்கும். முப்பது நாள் குழந்தையை இந்தப் பாட்டுக்கு ஏன் ஆளாக்க வேண்டும்?

"அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் பார்த்தார்களா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். பார்த்தார்கள். 1,500 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுள்ள வடமொழி மருத்துவ நூல் சுஸ்ருத சம்ஹிதை. காது குத்துவதைப் பற்றி அதில் தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆறாம் மாதம் அல்லது ஏழாம் மாதம் குத்தலாம் என்கிறது அந்த நூல். குழந்தையை மடியில் வைத்து, விளையாட்டுச் சாமான் கொடுத்து ஏமாற்றி, மருத்துவர் இடது கையால் மடலை இழுத்துப் பிடித்து வெயிலில் பார்க்க வேண்டுமாம். ஒளி ஊடுருவித் தெரியும் மெல்லிய இடத்தில்தான் வலது கையால் நேராகக் குத்த வேண்டுமாம். இரத்தம் அதிகம் வந்தாலோ குழந்தைக்கு வலி அதிகமாக இருந்தாலோ இடம் தப்பிவிட்டது என்று பொருள்.

நம் தடுப்பூசி அட்டவணையும் சுஸ்ருதரும் ஆறாம் மாதத்தில் வந்து சந்தித்துக்கொள்கிறார்கள் பாருங்கள். அவருக்குத் தடுப்பூசி தெரியும் என்று யாரும் வாட்ஸ்அப்பில் பரப்பிவிட வேண்டாம். ஆனால், அவசரம் வேண்டாம் என்று பாட்டியிடம் சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சரி, மாதம் முடிவாயிற்று. யாரிடம் போவது?

பத்தரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல பத்தர் தங்கக் கம்பியின் நுனியைக் கூராக்கி, கண்ணால் இடம் பார்த்து, ஒரே அழுத்தில் குத்தி, அதே கம்பியை வளையமாக முறுக்கிவிடுவார். கம்பி மெல்லியது, தங்கம் சுத்தமானது, கை பழகியது. குறை ஒன்றுதான். அந்தக் கம்பி அதற்கு முன்பு பட்டறை மேசையில் கிடந்தது. தீயில் காட்டியதும், டெட்டாலில் முக்கியதும், வேப்பெண்ணெய் தடவியதும் அதைக் கிருமியற்றதாக்கிவிடாது. ஆஸ்பத்திரியில் ஆட்டோகிளேவ் என்ற பெட்டியில் அழுத்தமான நீராவியில் 121 டிகிரியில் கால் மணி நேரம் வைத்துத்தான் கருவிகளைச் சுத்தம் செய்கிறார்கள். அதைப் பட்டறையில் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

அடுத்தது ஷாப்பிங் மாலில், அழகு நிலையத்தில், சில நகைக்கடைகளில் உள்ள கன். துப்பாக்கி மாதிரி விசையை இழுத்தால் டப்பென்று தோடு பாய்ந்துவிடும். "வலிக்கவே வலிக்காது, ரெண்டு செகண்டுதான்" என்பார்கள். ஆனால் பாய்வது ஊசியல்ல, தோட்டின் தண்டு. அது ஊசி அளவுக்குக் கூரானதல்ல. மடலை அறுத்துக்கொண்டு போகாமல் நசுக்கிக்கொண்டு போகிறது. பழைய வகைக் கன்னின் உடல் பிளாஸ்டிக். ஆட்டோகிளேவில் வைத்தால் உருகிவிடும். ஆகவே ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதோடு சரி. அமெரிக்காவில் காது, மூக்கு குத்துவதையே தொழிலாகச் செய்பவர்களின் சங்கம்கூடக் கன் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. இன்னொரு தொல்லை, முதல் காதில் டப் சத்தம் கேட்டதும் குழந்தை வீரிட்டுத் தலையைத் திருப்பும். இரண்டாவது காதில் ஓட்டை கொஞ்சம் மேலேயோ கீழேயோ போய்விடும். அது வாழ்நாள் முழுக்கத் தெரியும்.

இப்போது கேசட் வகை ஒன்று வந்திருக்கிறது. தோடும் அதன் பின்பூட்டும் கிருமி நீக்கி, சீல் வைத்த சின்னப் பெட்டியில் இருக்கும். குழந்தையின் காதைத் தொடும் பாகம் அத்தனையும் ஒரு முறையோடு குப்பைக்குப் போய்விடும். கையால் அழுத்துவது, டப் சத்தமும் குறைவு. பழைய கன்னையும் இதையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். வெளியில் இரண்டையும் "கன்" என்றே சொல்வார்கள், நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, டாக்டர் கையால் புது ஊசி. சீல் பிரித்த ஊசி, கையுறை, முடிந்ததும் ஊசி மஞ்சள் டப்பாவுக்குள். என்னைக் கேட்டால் சின்னக் குழந்தைக்கு இதையே சொல்வேன். அடுத்தபடியாகக் கிளினிக்கில் கேசட் முறை.

பினாங்கில் இதற்குப் பஞ்சமில்லை. மலாய்க்கார வீடுகளிலும் சின்ன வயதிலேயே பெண் குழந்தைக்குக் காது குத்தும் வழக்கம் இருப்பதால், "திண்டிக் தெலிங்கா" என்று பலகை வைத்த கிளினிக்குகள் தீவிலும் உண்டு, பட்டர்வொர்த் பக்கமும் உண்டு. தனியார் கிளினிக் என்றால் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அமைச்சில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைச் சுவரில் தேடிப் பாருங்கள். அழகு நிலையச் சுவரில் தொங்குவது வியாபார லைசென்ஸ். கடை நடத்த அனுமதி அது. குழந்தை காதில் ஊசி போடும் தகுதிக்கு அது சாட்சியல்ல.

ஆனால் பலகையும் சான்றிதழும் மட்டும் போதாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் நீங்கள் மட்டும் ஒரு தடவை போய் வாருங்கள். யார் குத்துவார், டாக்டரா மிஸ்ஸியா, இதற்கு முன் சின்னக் குழந்தைகளுக்குக் குத்தியிருக்கிறாரா என்று கேளுங்கள். பாக்கெட்டை என் கண் முன்னால் பிரிப்பீர்களா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற கூச்சமே வேண்டாம். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற நமக்கு இதில் என்ன கூச்சம்?

அவர்கள் திருப்பி உங்களிடம் கேள்வி கேட்டால் இன்னும் நல்லது. குழந்தைக்கு எத்தனை மாதம், ஊசியெல்லாம் போட்டாயிற்றா, எக்ஸிமா இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது தழும்பு தடித்துக் கட்டியாக வளருமா என்று விசாரிக்கும் இடம் நல்ல இடம். "ஐந்தாம் மாத ஊசி போட்டுவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பும் இடம் அதைவிட நல்ல இடம். காசு வேண்டாம் என்று சொல்லும் கடையை நம்பலாம் இல்லையா?

தடித்த தழும்பு பற்றி ஒரு வார்த்தை. கெலாய்டு என்பார்கள். நம்மைப் போன்ற கறுத்த தோலில் இது அதிகம். 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 11 வயதுக்கு முன் குத்திக்கொண்டவர்களைவிட அதற்குப் பின் குத்திக்கொண்டவர்களுக்கே கெலாய்டு அதிகம் வந்திருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் குடும்பத்தில் இந்தத் தொல்லை இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். "வளர்ந்து அவளே முடிவு செய்யட்டும்" என்று காத்திருக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட, எந்த வயதிலும் கவனமாகக் குத்தினால் ஆபத்து குறைவுதான், ஆனால் குழந்தை தானே காதைப் பார்த்துக்கொள்ளும் வயது வரை காத்திருக்கலாம் என்கிறது. அந்த வீடுகளைப் பார்த்து "ஏன் இன்னும் குத்தலை?" என்று நச்சரிக்காமல் இருப்போம்.

வலி தெரியாமலிருக்க மரத்துப்போகும் கிரீம் தடவலாமா என்று கேட்பீர்கள். எம்லா என்ற கிரீம் இருக்கிறது. தடவி ஒரு மணி நேரம் கழித்துக் குத்துவார்கள். இங்கேதான் நம் ஊர் அம்மாக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் குழந்தை பிறந்ததுமே தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். இருந்தால் புத்தகத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அந்துருண்டை வைத்த துணி போடாதே என்று மிஸ்ஸி சொல்லியிருப்பாரே, அதே குறைபாடுதான். அந்தக் குழந்தைகளுக்கு எம்லா ஒத்துக்கொள்ளாமல் இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஓட்டம் பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. ஆகவே பார்மசியில் நீங்களாக வாங்கித் தடவாதீர்கள். புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

குத்தும் நேரத்தில் உங்கள் கண் மூன்று இடத்தில் இருக்கட்டும். முதலில் கை கழுவிக் கையுறை போடுகிறாரா என்று பாருங்கள். இரண்டு மடலிலும் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று நேராக முகத்தைப் பார்த்து, சமமாக இருக்கிறதா என்று சரிபார்க்கிறாரா? நல்ல கைக்காரர் இந்த இடத்தில்தான் நேரம் எடுத்துக்கொள்வார். அழித்து மறுபடி வைத்தால் சந்தோஷப்படுங்கள். மூன்றாவது, குத்தும் இடம் மென்மையான மடல்தானா? மேல்காதுக் குருத்தெலும்பில் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு, ஒரு சின்ன நகைக்கடையில் மேல்காது குத்திக்கொண்ட இளம்பிள்ளைகள் பலருக்குக் காது சீழ் பிடித்து, சிலருக்கு அறுத்துச் சீழ் எடுத்து, காதின் வடிவமே கெட்டுப்போனது. விசாரித்துப் பார்த்தபோது கிருமி இருந்த இடம் எது தெரியுமா? கிருமிநாசினி தெளிக்கும் பாட்டில்.

தோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாட்டி வாங்கிய 916 நல்ல தங்கம்தான். நூற்றில் 91.6 பங்கு தங்கம், மிச்சம் பெரும்பாலும் செம்பு, வெள்ளி. தோலுக்கு எதிரி நிக்கல். மலிவான பேன்சித் தோட்டிலும், தங்க முலாம் பூசிய கம்மலிலும், சில வகை வெள்ளைத் தங்கத்திலும் அது இருக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுள் முழுக்கப் போகாது. பிற்பாடு கைக்கடிகாரப் பக்கிள் பட்டாலும் அரிக்கும். ஐரோப்பாவில் காது குத்தும் தோட்டிலிருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம் என்பதற்கே சட்டம் வைத்திருக்கிறார்கள்.

பாட்டி தோட்டையே முதல் தோடாகப் போட முடியுமா? சில டாக்டர்கள் ஒத்துக்கொள்வார்கள், சிலர் தங்களிடமுள்ள டைட்டானியம் அல்லது சீல் வைத்த தோட்டையே போடுவார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் தண்டு கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். குத்திய காது வீங்கும். இறுக்கமான பின்பூட்டு வீங்கிய மடலுக்குள் புதைந்துபோனால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பூட்டு திருகாணியாக இருப்பது நல்லது. ஆறாம் மாதக் குழந்தை கையில் கிடைத்ததை வாயில் போடும் குழந்தை, கழன்று விழுந்த தோடு தொண்டைக்குப் போய்விடக் கூடாது. தொங்கட்டான், மணியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு மஞ்சள், தேங்காயெண்ணெய், தாய்ப்பால் எதுவும் காதில் வேண்டாம். பார்மசியில் கிடைக்கும் சலைன் தண்ணீரைப் பஞ்சில் நனைத்துக் காலையிலும் மாலையிலும் துடைத்தால் போதும். தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை தோட்டைச் சுற்றித் தங்கும், குளித்ததும் ஒற்றி எடுங்கள். ஆறு வாரத்துக்குப் பத்து பெரிங்கி கடல் தண்ணீரும் நீச்சல் குளமும் காத்திருக்கட்டும். சிவந்து சூடாகி, சீழ் வந்தால், அல்லது பின்பூட்டு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போனால் டாக்டரிடம் போங்கள். நீங்களாகத் தோட்டைக் கழற்றாதீர்கள். ஓட்டை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடலாம்.

இனி, வீட்டில் நடக்கப்போகும் வாக்குவாதத்துக்கு வருகிறேன். "கிளினிக்ல குத்திட்டா தாய்மாமன் மடிக்கு என்ன வேலை?" என்பார் பாட்டி. அவர் கேட்பது நியாயம். மடியும் சீரும் அக்கா தம்பி உறவும்தானே அந்த விழா. அதை விடச் சொல்லவில்லை.

ஆறாம் மாதம், ஒரு வார நாள் காலையில், குழந்தை நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு கிளினிக்கில் குத்திவிடுங்கள். உங்களுக்கு அரை நாள் லீவு போதும். மடலில் புண் ஆற ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகு வருகிற நல்ல நாளில் விழா வையுங்கள். தாய்மாமன் மடியில் குழந்தை உட்காரட்டும், சந்தனம் வைக்கட்டும், முதல் தோட்டைப் பக்குவமாகக் கழற்றி மாமன் சீரான தங்கத் தோட்டைப் போட்டுவிடுங்கள். குழந்தை அழாது. போட்டோவிலும் சிரித்த முகம் விழும். தோடு வாங்கவும் இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைக்கும், தங்கம் விற்கிற விலையில் மாமனுக்கும் அது சௌகரியம்தான்.

விழாவைக் கோயிலில் வைக்க விரும்புகிறவர்களுக்கும் இதுவே சுலபம். 1833 முதல் குவீன் ஸ்திரீட்டில் நிற்கும் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலோ, 500-க்கும் மேற்பட்ட படி ஏறித் தண்ணீர்மலை முருகன் சன்னதியிலோ புதுத் தோட்டை வைத்து அர்ச்சனை செய்து போட்டுக்கொள்ளலாம். தைப்பூசக் கூட்டத்தில் முடியிறக்கிய கையோடு காதையும் குத்திவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த வெயிலிலும் தள்ளுமுள்ளிலும் யார் கையை, எந்த ஊசியை நின்று பார்க்க முடியும்?

முதல் தடவை கேட்டால் பாட்டி ஒத்துக்கொள்ள மாட்டார். இந்தப் பக்கத்தை மடித்து அவர் பார்க்கிற இடத்தில் வைத்துவிடுங்கள், சுஸ்ருதர் உள்ள பாரா மேலே தெரிகிற மாதிரி.

உங்கள் வீட்டில் எத்தனை மாதத்தில், எந்த முறையில் குத்தினீர்கள், விழாவைத் தனியாக வைத்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். பையன்களுக்குக் குத்தியவர்களும் எழுதலாம். கடை, கிளினிக் பெயர்களை நீக்கிவிட்டு, முறையையும் அனுபவத்தையும் மட்டும் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்